அரசாங்கம் தட்ட ஒரு கதவு

எங்கள் தெருவில் ஒரு மாடி வீடு எட்டு மாதம் கதவில்லாமல் இருந்தது. பால் பாக்கெட் போடுகிறவர் நேராக உள்ளே போய் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பூனை நாளுக்கு மூன்று தடவை போய் வந்தது. அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போன பெண்மணிகளும் உண்டு. பெயர் வேண்டாம், வம்பு. அரசாங்கத்தால் மட்டும் அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. சட்டம் அப்படி.

அங்கே குடியிருந்தவர் பல்லுக்காரர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பவர். முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஊரில் பாதிப் பேரை அவருக்கு முகத்தால் தெரியாது, தாடையால் தெரியும். பேச்சு குறைவு. அவருக்குச் சேர வேண்டிய பேச்சையும் சேர்த்து அவர் மனைவி பேசிவிடுவார்.

கீழே இருந்தவர் வீட்டின் உரிமையாளர். தெருவில் அவருக்கு வைத்த பெயர் 'சொந்தவீடு'. எதைப் பற்றிப் பேசினாலும் அங்கேதான் வந்து நிற்பார். மழை பெய்து கூரை ஒழுகினால், "இருக்கட்டுமே, சொந்த வீடுன்னா ஒழுகற தண்ணியும் நம்ம தண்ணி" என்பார். டாக்டர் ஒருநாள் அவரைத் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார். சொந்த வீடு இருக்கும்போது தெருவில் நடப்பது கௌரவக் குறைச்சல் என்று தோன்றி, நின்ற இடத்திலேயே நடக்கும் மெஷின் ஒன்றை வாங்கினார். அது கீழ் ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டது. மூன்று நாள் நடந்தார். நாலாம் நாளிலிருந்து அதில் துண்டுகள் காய்ந்தன.

"மெஷினுக்கு இடம் பத்தல. மாடி எனக்கு வேணும்" என்றார் சொந்தவீடு.

பதினோரு வருஷமாக அங்கே இருந்த பல்லுக்காரர், "எங்க சார் போறது?" என்றார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். சொந்தவீட்டுக்கு அது எதிர்த்துப் பேசுவதாகப் பட்டது.

அடுத்த வாரம் மழையில் மாடிக் கதவு நனைந்து உப்பி இறுகிப்போயிற்று. சொந்தவீடே தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சீவிட்டு சாயங்காலம் மாட்டிடலாம்" என்று சொல்லிக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல கனமான பழைய கதவு. நடுவில் மரக்கணு விழுந்து ஒரு ஓட்டை இருந்தது. பல்செட்டுக்கு ஈறு செய்யும் ரோஸ் நிறக் கலவையை வைத்துப் பல்லுக்காரர் அதை என்றோ அடைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கதவு கொஞ்சம் நாக்கை நீட்டுவதுபோல் இருக்கும்.

சாயங்காலம் வந்தது, கதவு வரவில்லை. அப்புறம் எத்தனையோ சாயங்காலங்கள் வந்தன. தச்சரிடம் போய்க் கேட்டால், "கொடுத்தவர் அவசரமில்லன்னுட்டாரே சார்" என்றார்.

மனைவி வாசலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். அவர் குளிக்கப் போனால் பல்லுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பல்லுக்காரர் குளிக்கப் போனால் மனைவி உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போவது அன்றோடு நின்றது.

"நாமளே வெறுத்துப் போயிடணும்னு கீழ் வீட்டுக்காரர் பண்றார்" என்றார் மனைவி. "நீங்க போயிடாதீங்க. நான் வாடகைக்கு வந்தது வீட்டுக்கு, கண்காட்சிக்கு இல்ல."

போகவில்லை. ஆகவே சொந்தவீடு குடியிருப்புத் தகராறு தீர்வு அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்.

அந்த அலுவலகத்தில் ஒரு நீண்ட மேஜை, பின்னால் ஒரு அலுவலர், அவர் முன்னால் ஒரு பச்சைப் புத்தகம். புத்தகத்தை அவர் திறப்பதில்லை, தடவிக்கொடுப்பார். விசாரணை தொடங்கும் முன் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ஒரே உரையை ஆற்றுவது அவர் வழக்கம்.

"இந்த ஆபீசுக்கு எல்லா அதிகாரமும் இருக்குன்னு ஜனங்க நினைக்கறாங்க. தப்பு. என்னென்ன அதிகாரம் எங்களுக்கு இல்லைன்னு சட்டம் நாப்பத்தோரு இடத்திலே சொல்லுது. நாப்பத்தோரு 'இல்லை'. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல ஒண்ணைக்கூட நான் மீறினதில்ல. மீறிடுவோமோன்னு பயந்தே பல வருஷம் நான் எதுவும் செஞ்சதில்ல. அரசாங்கம்னா அந்த அடக்கம் வேணும்."

பல்லுக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். பிறகு தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "சார், கதவு..." என்றார்.

"பன்னெண்டாவது இல்லை" என்றார் அலுவலர். "வீட்டுக்குள்ளே காத்து வருதா, தண்ணி வருதா, கதவு இருக்கா, இதிலெல்லாம் நாங்க தலையிட முடியாது. ஒரு தனி மனுஷன் வீட்டுக்குள்ளே அரசாங்கம் மூக்கை நுழைக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

"கூடாது சார்."

"பாத்தீங்களா. அதனால உங்களை வெளியேத்தறது ஒண்ணுதான் எங்களால முடிஞ்சது."

ஆனாலும் அவர் நேர்மையானவர். சொந்தவீட்டின் பக்கம் திரும்பினார். "ஒன்பதாவது இல்லை ஒண்ணு இருக்கு. குடித்தனக்காரரை வெளியேத்த உரிமையாளர் தானே தொந்தரவு கொடுத்திருந்தா, அவருக்கு இந்த ஆபீஸ் கை கொடுக்கக் கூடாது. அதனால கேக்கறேன். கதவைக் கழட்டினீங்களா?"

சொந்தவீடு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "கதவா? அந்த வாசலுக்குக் கதவே கிடையாது சார். கட்டின நாள்லேருந்து கிடையாது." எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"இருந்ததுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம்?" என்று பல்லுக்காரரைக் கேட்டார் அலுவலர்.

"பதினோரு வருஷம் தெறந்து மூடினோம் சார்."

"கதவைக் கொண்டாங்க. இருந்ததுன்னு எழுதிக்கறேன்."

"கதவுதான் இல்லையே சார்."

"அதைத்தான் அவரும் சொல்றார்" என்றார் அலுவலர். "ரெண்டு கட்சியும் ஒத்துப்போற கேஸ் அபூர்வம்." பேனாவைத் திறந்தார். தச்சரைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று மனைவி கேட்டார். தச்சர் அன்று வரமுடியாது. அதே அலுவலகத்தின் பின்பக்கம் ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்தார். சுத்தியல் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று அலுவலர் எழுந்து இந்தப் பக்கத்துக் கதவைச் சாத்தினார்.

உத்தரவு வந்தது. அந்த வாசலுக்குக் கதவு இருந்ததே இல்லை. ஆகையால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.

இதற்கு நடுவில் பல் டாக்டரிடமிருந்து ஒரு டப்பா வந்தது. வழக்கம்போல் பெயர் இல்லை, எண் மட்டும்: நாற்பத்தேழு. மேல் கீழ் இரண்டு வரிசையும் பிடுங்கிய வாய். பல்லுக்காரர் அச்சைக் கையில் எடுத்ததும் மெல்ல மேஜைமேல் வைத்தார். கீழ்த்தாடை இடது பக்கம் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. 'சொந்த' என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்தத் தாடை அப்படித்தான் வரும். பதினோரு வருஷம் மாடிப்படியில் நின்று பார்த்திருக்கிறார்.

"கீழ் வீடு" என்றார் மனைவியிடம்.

மனைவி அச்சை வெகுநேரம் பார்த்தார். "ஒரு பல்லைக் கொஞ்சம் நீட்டி வைங்க. பேசறப்பல்லாம் நாக்கைக் கடிச்சுக்கட்டும்."

"தாடை என்ன பண்ணும் பாவம்" என்றார் பல்லுக்காரர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். மேல் தாடை அச்சையும் கீழ்த் தாடை அச்சையும் கீல் வைத்த ஒரு பித்தளைச் சட்டத்தில் பொருத்தினார். அதைத் திறந்து மூடிப் பார்த்துத்தான் கடி சரியாக இருக்கிறதா என்று சொல்ல முடியும். டக், டக் என்று நல்ல சத்தம் வரும்.

முப்பத்தோராம் நாள் காலையில் அலுவலர் வந்தார். கூடவே நோட்டீஸ்காரர். கதவில் காகிதம் ஒட்டுவதும் வீட்டைப் பூட்டி அரக்கு வைப்பதும் அவர் வேலை. ஒரு கையில் பசை டப்பா, இன்னொரு கையில் பூட்டும் அரக்கும். தெரு முழுக்க மாடிப்படியில் ஏறி நின்றது. சொந்தவீடு பல் இல்லாத வாயோடு முன்வரிசையில் நின்றார்.

அலுவலர் வாசலில் நிமிர்ந்து நின்று கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது.

எதிரே போர்வை ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன சார்?" என்றார் நோட்டீஸ்காரர்.

"ஆறாவது இல்லை" என்றார் அலுவலர். குரல் இறங்கிப்போயிருந்தது. "மூடின கதவை மூணு தரம் தட்டணும். 'யாரு'ன்னு உள்ளேயிருந்து கேக்கணும். 'அரசு'ன்னு நாம சொல்லணும். அதுக்கப்புறம்தான் நுழைய அதிகாரம். எதைத் தட்டறது?"

நோட்டீஸ்காரர் போர்வையை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். தூசி வந்தது.

போர்வையை விலக்கிக்கொண்டு பல்லுக்காரரின் மனைவி எட்டிப் பார்த்தார். "நின்னுட்டே இருக்கீங்களே சார். உள்ளே வாங்க, டீ போடறேன்."

"வர முடியாதும்மா. நீங்க கூப்பிட்டு வந்தா நான் விருந்தாளி. விருந்தாளிக்கு வீட்டுக்காரங்களை வெளியேத்த அதிகாரம் இல்ல."

"அப்ப விருந்தாளியாவே வாங்க."

அலுவலர் யோசித்தார். காலையிலிருந்து ஒன்றும் குடித்திருக்கவில்லை. பூட்டையும் அரக்கையும் படியிலேயே வைத்துவிட்டு இருவரும் உள்ளே போய் டீ குடித்தார்கள். பல்லுக்காரர் அலுவலரின் மேல்வரிசையைப் பார்த்து, ராத்திரியில் பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா என்று விசாரித்தார். உண்டாம். பிறகு இருவரும் வெளியே வந்து, மறுபடி அரசாங்கமாகி, நுழைய முடியாமல் திரும்பிப் போனார்கள். அவர்கள் போகும்போது பூனை உள்ளே போயிற்று.

சொந்தவீட்டுக்குத் தலை சுற்றியது. "நான் இப்பவே ஒரு கதவு மாட்டிடறேன் சார்" என்று அலுவலகத்துக்கு ஓடினார்.

"எப்படி மாட்டுவீங்க? அங்கே கதவு இருந்ததே இல்லைன்னு நீங்கதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க. நானும் தீர்ப்பிலே எழுதிட்டேன். இல்லாத கதவை மாட்டினா அது புதுக் கட்டுமானம். வழக்கு நடக்கற வீட்டிலே உரிமையாளர் புதுசா ஒண்ணும் கட்டக்கூடாது. பத்தொன்பதாவது இல்லை."

"அப்ப குடித்தனக்காரங்களை மாட்டச் சொல்லுங்க."

"அவங்ககிட்ட கேட்டாச்சு. அந்த அம்மா காத்தோட்டமா நல்லா இருக்குன்னுட்டாங்க."

அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் அன்று மத்தியானம் அந்த அம்மாள் போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுததைப் பால்காரர் பார்த்திருக்கிறார். கதவு வைத்தால் வீடு போகும். வீடு இருக்க வேண்டுமானால் கதவு கூடாது. தாய்வீட்டுக்கு ஒருநாள் போய்வரக்கூட வழியில்லாமல் முறை வைத்து வாசலில் உட்கார்ந்து அவருக்கு இடுப்பு வலி வந்துவிட்டது.

அலுவலர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் ஒரு குழு அமைத்தது. குழு மூன்று மாதம் உட்கார்ந்து கதவு என்றால் என்ன என்று இரண்டு கட்சிக்கும் நகலோடு சுற்றறிக்கை அனுப்பியது: கீலில் அசைய வேண்டும், திறக்கவும் மூடவும் வேண்டும், தட்டினால் சத்தம் வர வேண்டும், வாசலில் இருக்க வேண்டும். இந்த நான்கும் உள்ளது எதுவோ அது கதவு. எதிர்காலத்தில் இப்படிக் கதவில்லா நெருக்கடி வந்தால் சமாளிக்க, சக்கரம் வைத்த நிலைச்சட்டத்தில் ஓர் அரசுக் கதவு செய்து வைத்துக்கொள்ளவும் அனுமதி கொடுத்தது. அலுவலகத்துக்கு ஜன்னல் மாட்டிய தச்சருக்கே வேலை கிடைத்தது. அவர் கடையில் ஏழு மாதமாக ஒரு நல்ல கதவு சும்மா சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

பச்சைப் பெயின்ட் அடித்த அரசுக் கதவைக் கடகடவென்று தெருவில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாடிப்படியில் ஏற்றுவதற்குள் நோட்டீஸ்காரருக்கு மூச்சு வாங்கியது. போர்வைக்கு முன்னால் நிறுத்தி, சாத்தினார்கள். அலுவலர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு மூன்று முறை தட்டினார்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "யாரு?"

"அரசு" என்றார் அலுவலர். மாதக்கணக்கில் அடக்கிவைத்த சொல்.

பல்லுக்காரர் கதவுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டினார். கையில் நாற்பத்தேழாம் எண் பித்தளைச் சட்டம். வாசல் காவலால் மாதக்கணக்கில் இழுத்த வேலையின் நடுவில் எழுந்து வந்திருந்தார். கதவைப் பார்த்தார். அதன் நடுவில், பச்சைப் பெயின்ட் ஒட்டாமல் உரிந்த ஓர் இடத்தில், ரோஸ் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. தொட்டுப் பார்த்தார்.

"இது நான் வெச்ச ஈறு" என்றார்.

கூட்டம் கழுத்தை நீட்டியது. "இது எங்க வீட்டுக் கதவு சார்" என்றார் பல்லுக்காரர் மறுபடியும். அவ்வளவு சத்தமாக அவர் பேசித் தெரு கேட்டதில்லை.

"அரசுக் கதவு" என்றார் அலுவலர் கண்டிப்பாக. "ரசீது இருக்கு. இனிமே இது அரசாங்கத்துக்குச் சொந்தம்."

இந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. முன்வரிசையில் நின்றவருக்கு வேறெதைக் கேட்டாலும் பொறுக்கும்.

"யாருக்குச் சொந்தம்?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் சொந்தவீடு. பல் இல்லாததால் பாதி காற்றாக வந்தது. ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. "இது என் கதவு சார். எங்க அப்பா வாங்கிப் போட்ட சொந்தக் கதவு. நான்தான் கழட்டித் தச்சன் கடையிலே வெச்சேன். என் கதவை எனக்குத் தெரியாம அரசாங்கத்துக்கு வித்திருக்கான் அந்த ஆளு."

நோட்டீஸ்காரர் மெதுவாகப் பசை டப்பாவைக் கீழே வைத்தார்.

"நீங்கதான் கழட்டினீங்க?" என்றார் அலுவலர்.

"பின்னே யாரு? என் சொந்த..." அங்கே அவருக்கே ஏதோ உறைத்தது. தாடை இடது பக்கம் முன்னால் வந்தபடியே நின்றுவிட்டது.

அலுவலர் முகத்தில் கோபம் இல்லை. ஒருவித ஆனந்தம்தான் இருந்தது. "ஒன்பதாவது இல்லை" என்றார், நெடுநாள் கழித்து ஒரு சிநேகிதனைப் பார்த்தவர்போல. "இவர் தானே தொந்தரவு கொடுத்திருக்கார். இவருக்கு நாம கை கொடுத்தது தப்பு. என் உத்தரவு செல்லாது."

"அப்ப ரத்து பண்ணிடுங்க சார்" என்றார் மனைவி உள்ளேயிருந்து.

"என் உத்தரவை நானே ரத்து பண்ண எனக்கு அதிகாரம் இல்லம்மா. நாப்பத்தோராவது இல்லை." கதவைச் சான்றுப் பொருளாக அரக்கு வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் நோட்டீஸ்காரர் தனியாக வந்தார். வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அக்கா, மேலிடத்து உத்தரவு வந்திருக்கு."

"என்ன உத்தரவு?"

"சொல்லக்கூடாது. மூடின கதவை மூணு தரம் தட்டி, அதிலே ஒட்டணும். ஒட்டினப்புறம் நீங்க படிச்சுக்கலாம். ஒட்டினாத்தான் செல்லும். ஒரு கதவு போட்டுடுங்களேன்."

மனைவியின் கண்கள் இடுங்கின. "எட்டு மாசம் கதவில்லாம உங்களையெல்லாம் வெளியே நிறுத்தியிருக்கோம். இப்ப நீங்க கேட்டதும் போட்டுடணுமா? உள்ளே நுழைஞ்சு பூட்டறதுக்கா?"

பதில் சொல்ல நோட்டீஸ்காரருக்கு அதிகாரமில்லை. ஒரு கையில் பசை டப்பாவைத் தூக்கிக் காட்டினார். இன்னொரு கையையும் தூக்கி, விரித்துக் காட்டினார். அதில் ஒன்றும் இல்லை. பூட்டு இல்லை, அரக்கு இல்லை.

மனைவி அந்த வெறுங்கையை நன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க" என்றார். "அந்தச் சுத்தறிக்கையிலே கதவு எவ்ளோ பெருசா இருக்கணும்னு போட்டிருக்கா?"

பல்லுக்காரர் யோசித்தார். கீலில் அசைய வேண்டும். திறக்கவும் மூடவும் வேண்டும். தட்டினால் சத்தம் வர வேண்டும். வாசலில் இருக்க வேண்டும். அளவு போடவில்லை. மேஜைக்குப் போய், முந்தின நாள்தான் மெருகேற்றி முடித்த நாற்பத்தேழாம் எண்ணைப் பித்தளைச் சட்டத்தோடு எடுத்து வந்து, வாசல்படியின் நடுவில் வைத்து, வாயை மூடினார். முத்துப் பற்கள், அளவான ஈறு. குறை சொல்ல முடியாத வேலை.

நோட்டீஸ்காரர் சுற்றறிக்கையை மடியிலிருந்து எடுத்து நான்கு வரியையும் விரல் வைத்துப் படித்தார். குனிந்து உட்கார்ந்தார். மூன்று முறை தட்டினார். டக், டக், டக்.

"யாரு?" என்றார் மனைவி.

"அரசு" என்றார் நோட்டீஸ்காரர். வாயைத் திறந்து, காகிதத்தின் நுனியைப் பற்களுக்கு நடுவே வைத்து, மூடி, ஓரத்தில் பசையும் தடவினார்.

வெளியேற்றும் உத்தரவு ரத்து. மனைவி மண்டியிட்டு இரண்டு தடவை படித்தார். அன்று மத்தியானமே புதுக்கதவுக்கு வேறு தச்சரிடம் சொல்லியாயிற்று. இரண்டாம் நாள் கதவு வந்தது. மூன்றாம் நாள் இருவரும் அதைச் சாத்திப் பூட்டிக்கொண்டு, சேர்ந்து வெளியே போனார்கள்.

கீழே இறங்கும்போது சொந்தவீடு மெஷின்மேல் உட்கார்ந்திருந்தார். பல்செட் ஏன் இன்னும் வரவில்லை என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். டாக்டர் மாடியைக் கைகாட்டியிருக்கிறார்.

"ழெடியாம்ழே" என்றார் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"ரெடிதான் சார்" என்றார் பல்லுக்காரர். மனப்பூர்வமாக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "ஆனா அரசு நோட்டீஸ் ஒட்டின கதவை அறுபது நாளைக்கு யாரும் அசைக்கக் கூடாதாம். நாங்ககூட அதைத் தாண்டித்தான் போய் வரோம்."